குழந்தையின் முதல் ஸ்நார்க்லிங்: அந்தமான் கிளம்ப இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டிய தயாரிப்பு

மூத்தவளுக்கு ஏழு வயது இருக்கும்போது முதல் தடவையாக அந்தமான் போனோம். ஹேவ்லாக் தீவில் எலிஃபண்ட் பீச். ஸ்நார்க்லிங், அதாவது மாஸ்க்கும் மூச்சுக் குழாயும் மாட்டிக் குப்புற மிதந்தபடி கடலுக்கடியைப் பார்ப்பதுதான் திட்டம். படகிலிருந்து இறங்கி பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, கூட்டிப்போக வந்தவர் ஒரு மாஸ்க்கை அவள் முகத்தில் மாட்டி, குழாயை வாயில் வைத்து, வாயால் மூச்சு விடச் சொல்லிவிட்டு, லைஃப் ரிங்கைப் பிடித்துக்கொள்ள வைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அது பெரியவர்கள் அளவு மாஸ்க். முதல் அலையிலேயே உள்ளே தண்ணீர் புகுந்து மூக்கில் ஏற, இரண்டு மடக்கு உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டாள். அதற்கப்புறம் ஊர் திரும்பும்வரை கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கவே இல்லை.

அடுத்த முறை போகும்முன் இரண்டு மாதம் வீட்டிலேயே பழக்கினோம். அந்தத் தடவை அவளும் அவள் தம்பியும் போதும் போதும் என்று நாங்கள் கூப்பிடும்வரை தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை. இந்த இரண்டு பயணங்களிலும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: குழந்தைக்குப் பயம் கடல்மேல் இல்லை, மூச்சுமேல். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகூட மூக்கு அடைபட்டு, வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும் என்றதும் தவித்துப்போகும். அதனால் மீன், பவளம் எல்லாவற்றுக்கும் முன்னால் மூச்சைப் பழக்குங்கள். இந்த வழிகாட்டியில் பாதிக்குமேல் அதுதான்.

முதலில் தேதியும் இடமும்

அந்தமானில் கடல் அமைதியாகவும் தண்ணீர் தெளிவாகவும் இருப்பது பொதுவாக நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. நம் பள்ளி விடுமுறையோடு பொருத்திப் பார்த்தால் பொங்கலை ஒட்டிய நாட்களோ, ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசியோ நல்லது. கோடை விடுமுறைதானே என்று மே இரண்டாம் பாதிக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, வழக்கமாக மே மூன்றாவது வாரத்தையொட்டி அந்தமானைத் தொட்டுவிடும். கடல் கொந்தளிக்கும், கப்பல் ரத்தாகும், தண்ணீர் கலங்கிப்போகும். டிசம்பர் கடைசி வாரத்தில் வானிலை பரவாயில்லை, ஆனால் கூட்டம் தாங்காது. கூட்டத்தில் யாருக்கும் உங்கள் குழந்தைக்காக நின்று சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். போர்ட் பிளேருக்கு 2024-லிருந்து ஸ்ரீ விஜய புரம் என்று பெயர். ஹேவ்லாக், நீல் தீவுகளுக்கு 2018-லேயே ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் பேச்சில் பழைய பெயர்தான் புழங்குகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதல் தடவைக்கு என் தேர்வு நீல் தீவின் பரத்பூர் கடற்கரை. ஆழம் குறைவு, பவளம் கரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அலையும் பெரிதாக வராது. ஆனால் நீர் வற்றும் நேரத்தில் போனால் பவளத்தின்மேல் முழங்கால் அளவுகூடத் தண்ணீர் இருக்காது, நீந்தவே முடியாது, காலில் கீறல்தான் மிஞ்சும். தங்கும் இடத்தில் கேட்டால் அன்றைய ஓத நேரத்தைச் சொல்வார்கள், நீர் ஏறியிருக்கும் நேரத்தைப் பார்த்து இறங்குங்கள். எலிஃபண்ட் பீச்சும் நல்ல இடம்தான், காலையில் முதல் படகில் போனால். இந்த இரண்டு இடத்திலும் ஜெட் ஸ்கி ஓடும் என்பதால் ஸ்நார்க்லிங்குக்கு ஒதுக்கிய பகுதியைத் தாண்டவே கூடாது. போர்ட் பிளேர் பக்கம் இருக்கும் வண்டூரிலிருந்து படகில் போகும் ஜாலி பாய் தீவு, மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. பவளம் அங்கே அழகு, பிளாஸ்டிக்குக்கு அனுமதி இல்லை, வருடத்தில் சில மாதங்கள்தான் திறந்திருக்கும். படகுப் பயணமும் காத்திருப்பும் சேர்ந்து நாள் நீண்டுவிடுவதால் சின்னப் பிள்ளைகளுக்கு அதை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்வேன்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு. 2010-ல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்லிங் செய்துகொண்டிருந்த ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்திருக்கிறார். பயந்து பயணத்தையே விட வேண்டாம். ஆனால் அலையாத்திக் காடு, ஓடை, கழிமுகம் பக்கம் குழந்தைகளை இறக்காதீர்கள். எச்சரிக்கைப் பலகை இருந்தால் அதற்கு மறுபேச்சு கிடையாது. ஆள் நடமாட்டமில்லாத அழகான மூலை என்று தேடிப் போக வேண்டாம்.

எந்த வயதில், யாருக்கு

ஐந்து, ஆறு வயதில் மாஸ்க் மட்டும் போட்டு இடுப்பளவு தண்ணீரில் குனிந்து பார்க்கலாம். குழாயோடு மிதந்து போக ஏழு, எட்டு வயது சரி. இது கணக்கு இல்லை, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சொன்ன பேச்சைத் தண்ணீருக்குள்ளும் கேட்கிற பிள்ளையா என்பதுதான் வயதைவிட முக்கியம்.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காதில் குழாய் வைத்தது, அடிக்கடி காது சீழ், இதில் எது இருந்தாலும் டிக்கெட் போடும் முன்பே குழந்தை மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கண்ணாடி போடும் பிள்ளைக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது, முன்கூட்டியே ஆர்டர் செய்ய வேண்டும். பவர் இல்லாத மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு "மீன் தெரியுதா, தெரியுதா" என்று கேட்டால் பாவம் அது தெரிகிறது என்றுதான் சொல்லும்.

மாஸ்க்: இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

லைஃப் ஜாக்கெட், ரிங் எல்லாம் அங்கே கொடுப்பார்கள். மாஸ்க்கையும் குழாயையும் மட்டும் பிள்ளை அளவில் சொந்தமாக வாங்கிவிடுங்கள். வாடகை மாஸ்க் பெரும்பாலும் பெரியவர் அளவு, அப்புறம் முந்தின ஆள் வாயில் வைத்த குழாய். வாங்கிவிட்டால் வீட்டில் பழகவும் அதே இருக்கும்.

பொருந்துகிறதா என்று பார்க்கும் முறை எளிது. பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வையுங்கள், நெற்றி முடியை ஒதுக்கிவிடுங்கள், குழந்தை மூக்கால் மெல்ல மூச்சை உள்ளிழுக்கட்டும். நீங்கள் கையை எடுத்த பிறகும் மாஸ்க் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் அளவு. விழுந்தால் பட்டையை இறுக்கிச் சரிசெய்ய நினைக்காதீர்கள், வேறு மாஸ்க் பாருங்கள். முன்புறம் கெட்டிப்படுத்திய கண்ணாடி, விளிம்பு மென்மையான சிலிக்கான், இரண்டும் இருக்க வேண்டும். நீச்சல் கண்ணாடி உதவாது. மூக்கு வெளியே இருப்பதால் அதில் தண்ணீர் ஏறும், கொஞ்சம் கீழே போனாலும் கண்ணை அழுத்தும்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க்கைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். நான் வேண்டாம் என்றே சொல்வேன். உள்ளே பெரிய இடம், வெளியே விட்ட மூச்சு அதிலேயே தங்கி மறுபடி உள்ளே போகும் வாய்ப்பு உண்டு. பதற்றத்தில் சட்டென்று கழற்றுவதும் சின்னக் கைகளுக்குக் கஷ்டம்.

குழாய்க்கும் இதே காரணம் பொருந்தும். நாம் விடும் மூச்சின் கடைசிப் பகுதி குழாயிலேயே நிற்கிறது, அடுத்து இழுக்கும்போது முதலில் உள்ளே போவது அந்தப் பழைய காற்றுதான். பெரியவர் குழாய் அகலம், நீளம். குழந்தையின் சின்ன நுரையீரலுக்கு அது கூடுதல் பாரம். பிள்ளைகள் குழாய் குட்டையாக, ஒடுக்கமாக இருக்கும். அடியில் தண்ணீரை வெளியேற்றும் வால்வு, மேலே அலை தெறித்தால் மூடிக்கொள்ளும் தலை, இரண்டும் உள்ளதாகப் பாருங்கள்.

புது மாஸ்க்கில் தொழிற்சாலைப் படலம் ஒன்று இருக்கும். கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளைப் பற்பசை தடவி, விரலால் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவிவிட்டால் ஆவி படிவது பெருமளவு குறையும். கடலில் இறங்கும் முன் ஒரு சொட்டு பேபி ஷாம்பூ தடவி லேசாக அலசினால் போதும். காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் முதல் பயணத்துக்கு அவசியமில்லை. பவளத்தை உதைப்பதற்குத்தான் ஆகும். கையில் மாட்டும் காற்றடைத்த பலூன் பட்டைகளை உயிர்காக்கும் பொருளாக ஒருநாளும் நம்பாதீர்கள்.

வீட்டில், தண்ணீரே இல்லாமல்

முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். மாஸ்க், குழாய் இரண்டையும் மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் டிவி பார்க்க விடுங்கள். முதல் நாள் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிடுவாள். கழற்றட்டும். நாலாவது நாள் மாஸ்க் போட்டிருப்பதையே மறந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருப்பாள், அந்த மறதிதான் நமக்கு வேண்டியது.

இந்த வாரத்திலேயே மூச்சின் தாளத்தைச் சொல்லிக்கொடுங்கள். இரண்டு எண்ணும்வரை உள்ளே, நாலு எண்ணும்வரை வெளியே. வெளியே விடுவதுதான் நீளமாக இருக்க வேண்டும். பயந்த குழந்தை மேலோட்டமாகப் படபடவென்று மூச்சு விடும், அப்போது குழாயில் நிற்கும் பழைய காற்றே போய்ப் போய் வரும், மூச்சு முட்டுவது போலிருக்கும், பயம் இன்னும் ஏறும். முழுசாக ஊதி வெளியே விட்டால் நல்ல காற்று தானாக உள்ளே வரும். பாட்டி வீட்டு விறகடுப்பில் ஊதாங்குழலை ஊதுவார்களே, அப்படி நிதானமாக என்று சொன்னதும் எங்கள் பையனுக்கு உடனே பிடிபட்டது.

இரண்டாவது வாரம் தண்ணீர். நம் வீடுகளில் குளியல் தொட்டி எங்கே இருக்கிறது? நாங்கள் பெரிய அன்னக்கூடை ஒன்றில் முக்கால்வாசி நிரப்பி, மொட்டை மாடியில் ஒரு முக்காலிமேல் வைத்தோம். அடியில் கோலிக்குண்டுகளைப் போட்டு, முகத்தை உள்ளே வைத்துப் பச்சை எத்தனை, நீலம் எத்தனை என்று எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் நாள் மூத்தவள் தண்ணீருக்கு ஒரு விரற்கடை மேலேயே முகத்தை நிறுத்திக்கொண்டு, முக்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். எலிஃபண்ட் பீச் ஞாபகம். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே இருந்தாள், பிறகு மாஸ்க்கின் கண்ணாடி மட்டும் தண்ணீரைத் தொட்டது, "அம்மா, ஏழு பச்சை" என்று குழாய்க்குள்ளிருந்து ஊங்காரமாக ஒரு சத்தம் வந்தது. அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம். சின்னப் பாத்திரத் தண்ணீர்தானே என்று குழந்தையைத் தனியே விட்டு நகராதீர்கள், அந்த ஆழமே ஆபத்துக்குப் போதும்.

நீச்சல் குளத்தில் ஐந்தாறு வாரம்

நீச்சல் வகுப்பு ஏற்கெனவே போகும் பிள்ளை என்றால் பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் இப்போது சேர்த்துவிடுங்கள். மல்லாந்து மிதக்கவும், பத்துப் பதினைந்து மீட்டர் தட்டுத் தடுமாறியாவது நீந்தவும் தெரிந்திருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இருக்கிறதே என்பது இதற்கு மாற்று ஆகாது.

குளத்தில் இந்த வரிசையில் போங்கள். முதலில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே குனிந்து மூச்சு. அடுத்து சுவரைப் பிடித்துக் குப்புற மிதந்து மூச்சு. அப்புறம் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு குளத்தின் குறுக்கே.

இது எளிதானதும் குழாயில் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்று வாருங்கள். கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்: "கண்ணு, இப்போ குழாய்ல கொஞ்சம் தண்ணி ஊத்தப் போறேன், உடனே பலமா 'தூ'ன்னு ஊதித் தள்ளிடு." ஒரு மூடி அளவு தண்ணீர் போதும். தண்ணீர் நீரூற்று மாதிரி மேலே பீய்ச்சும், பிள்ளைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். ஊதின பிறகு முதல் மூச்சை மெல்ல, சோதித்துப் பார்த்து இழுக்கப் பழக்குங்கள், கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருக்கலாம். மாஸ்க்கில் புகுந்த தண்ணீருக்கு வேறு வழி: மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்து, தலையைச் சற்று அண்ணாந்து பார், மூக்கால் நீளமாக ஊது. அடிவழியாகத் தண்ணீர் ஓடிவிடும். சொல்லாமல் தண்ணீரைத் தெளித்துப் பார்ப்பது, விளையாட்டுக்கு அமுக்குவது எல்லாம் ஒரே நொடியில் ஒரு மாத உழைப்பைக் கெடுத்துவிடும். மாமா, சித்தப்பா யாராவது குளத்தில் கூட இருந்தால் அவர்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

கடைசி இரண்டு வாரம் லைஃப் ஜாக்கெட்டோடு. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நல்ல லைஃப் ஜாக்கெட் ஆளை மல்லாத்தப் பார்க்கும், ஸ்நார்க்லிங்குக்கோ குப்புறப் படுக்க வேண்டும். இந்த இழுபறி புதுசாக வரும் குழந்தைக்குக் கடலில் பெரிய குழப்பம். காலைப் பின்னால் நீட்டி, கையை முன்னால் நீட்டி, தண்ணீர்மேல் நட்சத்திரம்போல் விரிந்து கிடக்கப் பழகிவிட்டால் சரியாகிவிடும். ஜாக்கெட் அளவு சரிதானா என்று பார்க்கத் தோள் பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அது பெரிசு.

பேச முடியாது, அதனால் கை

வாயில் குழாய் இருக்கும்போது பேச்சு இல்லை. எங்கள் வீட்டுக் கணக்கு இது: நான் கையை ஒரு தடவை அழுத்தினால் "நல்லா இருக்கியா" என்று அர்த்தம், இரண்டு அழுத்து அழுத்தினால் "நல்லா இருக்கேன்", மூன்று என்றால் "போதும், கரைக்கு." தூரத்திலிருந்து காட்ட, உள்ளங்கையைத் தலைமேல் வைத்தால் நலம், கையை வீசி ஆட்டினால் உதவி.

"போதும்" வந்த கணத்தில் கரை. இன்னும் ஒரு நிமிடம், அந்த ஆமையை மட்டும் பார்த்துட்டுப் போகலாம் என்ற பேரமே கூடாது. குளத்தில் பழகும்போதே இதைக் காப்பாற்றிக் காட்டுங்கள். எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று நம்புகிற குழந்தைதான் உள்ளே போகும். எங்கள் மகள் இரண்டாம் பயணத்தில் முதல் பதினைந்து நிமிடத்துக்குள் மூன்று தடவை "போதும்" அழுத்தினாள், மூன்று தடவையும் கரைக்கு வந்தோம், நான்காவது தடவை அவளே என்னை இழுத்துக்கொண்டு போனாள்.

கீழே என்ன இருக்கும் என்று முன்பே சொல்லுங்கள்

தெரியாத உருவம்தான் பயமுறுத்தும். படம் காட்டிப் பெயர் சொல்லிப் பழக்குங்கள். கடல் சாமந்திக்குள் ஒளியும் கோமாளி மீன், பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன், மணலில் அசையாமல் கிடக்கும் கடல் அட்டை, வாயைத் திறந்து மூடும் பெரிய சிப்பி. கிளிமீன் கதையைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: அது கொறித்த சுண்ணாம்பைப் பொடியாக்கி வெளியே தள்ளுவதுதான் வெள்ளை மணலில் ஒரு பகுதி, பெரிய கிளிமீன் ஒன்றே வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் ஆக்கிவிடும். மீன் கக்காமேலா நாம் உட்கார்ந்திருக்கிறோம் என்று எங்கள் பையன் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தான். தண்ணீருக்குள் காதைக் கொடுத்தால் அது கொறிக்கும் 'கருக் கருக்' சத்தம்கூடக் கேட்கும்.

தொடக் கூடாது என்பதற்கும் காரணம் சொல்லுங்கள். பவளம் கல் இல்லை, உயிர். பாறைபோல் திரண்டிருக்கும் பவளம் வருடத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் வளரும், ஒரு மிதி மிதித்தால் அண்ணனுக்கும் அக்காவுக்கும் மூத்த ஒன்று போய்விடும். கடல் சூடேறியதால் அந்தமானில் 2010-ல் பவளங்கள் பெருமளவு வெளுத்துப்போயின. அதனால் சில இடங்களில் சாம்பல் நிறச் சிதைவும் கண்ணில் படும். படத்தில் பார்த்த நிறமெல்லாம் எங்கே என்று குழந்தை கேட்கும், உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

வெயில், கப்பல், பை

முழுக்கைச் சட்டையும் முழங்கால்வரை கால்சட்டையும் உள்ள நீச்சல் உடைதான் முதல் பாதுகாப்பு. குப்புற மிதக்கும்போது வெயில் முழுக்க முதுகிலும் பின்கழுத்திலும் முழங்கால் பின்புறத்திலும்தான் விழும். மிச்சம் இருக்கும் முகம், கழுத்து, புறங்காலுக்கு மட்டும் ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், இறங்க அரை மணி நேரம் முன்பு. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்ததை வாங்காதீர்கள், பவளத்துக்குக் கேடு என்று ஹவாய் மாநிலம் 2021 முதல் அவற்றின் விற்பனையையே தடை செய்திருக்கிறது. நெற்றியில் தடவினால் மாஸ்க் விளிம்பு வழுக்கித் தண்ணீர் புகும், கண்ணும் எரியும். அங்கே தடவ வேண்டாம்.

தீவுகளுக்கு இடையே கப்பலில் ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம். வயிறு முட்டவும் சாப்பிடக் கூடாது, காலியாகவும் இருக்கக் கூடாது. இரண்டு இட்லி, கையில் இஞ்சி மரப்பா. மாத்திரை வேண்டுமா, எவ்வளவு என்பதை ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்தமானில் ஐந்து, ஐந்தரைக்கே விடிந்து, சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். பிள்ளைகளை முதல் நாளே சீக்கிரம் தூங்கவைத்தால் காலைக் கடல் கிடைக்கும். கூட்டமும் காற்றும் குறைவாக இருப்பது அப்போதுதான்.

அந்த நாள்

வந்து இறங்கிய அன்றே ஸ்நார்க்லிங்குக்கு இறக்காதீர்கள். முதல் நாள் கரையில் விளையாட்டு, மாஸ்க் போட்டு இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து பார்ப்பது, அவ்வளவுதான்.

கூட்டிப்போகும் வழிகாட்டியிடம் முன்பே தெளிவாகப் பேசுங்கள்: குழந்தையோடு நானும் வருவேன், கை எட்டும் தூரத்தில், மெல்லத்தான் போவோம், அவள் கை காட்டினால் திரும்புவோம். அதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவர் கையில் போன், கேமரா எதுவும் இல்லாமல். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமே இல்லாமல் நடந்துவிடும். அதனால்தான் கண்ணை எடுக்கக் கூடாது.

முதல் இறக்கம் பதினைந்து, இருபது நிமிடம். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். உதடு நிறம் மாறினால், தாடை நடுங்கினால் உடனே வெளியே வந்து துண்டு, வெயில், ஒரு வாழைப்பழம், தண்ணீர். அரை மணி கழித்து மறுபடி போகலாம். சளி பிடித்திருந்தால் மேலே மிதப்பதோடு நிறுத்துங்கள், கீழே முங்கினால் காது வலிக்கும். மேலே மிதப்பதோடு நிற்கும் ஸ்நார்க்லிங் செய்துவிட்டு மறுநாள் விமானம் ஏறலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏறலாம், விமானம் ஏறும் முன் காத்திருக்க வேண்டும் என்பது சிலிண்டர் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போகும் ஸ்கூபா டைவிங்குக்குத்தான்.

ஏதாவது பட்டுவிட்டால்

சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் நீரால் அலசுங்கள். கடல் முள்ளெலியின் முள் குத்தினால், விஷ மீன் குத்தினால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் ஊறவைத்தால் வலி தணியும். முதலில் உங்கள் கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். பவளக் கீறலைச் சின்னது என்று விட்டுவிடாமல் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி மருந்திடுங்கள், சீக்கிரம் சீழ் வைக்கும். மூச்சுத் திணறல், முகம் வீங்குவது, விடாத வாந்தி, தண்ணீர் குடித்தபின் தொடர் இருமல், இதில் எதுவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனை. தங்கும் இடத்துக்குப் போனதும் முதல் வேலையாக அருகிலுள்ள அரசு மருத்துவமனை எங்கே, ராத்திரியில் வண்டி கிடைக்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபின்

அறைக்கு வந்ததும் காதை வெளிப்புறம் மட்டும் துடைத்து, தலையை இரண்டு பக்கமும் சாய்த்துத் தண்ணீரை இறக்குங்கள், பட்ஸ் வேண்டாம். மாஸ்க்கையும் குழாயையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் சிலிக்கான் கெட்டுவிடும்.

கிளம்பும் நாள் காலையில் பிள்ளைகளின் பாக்கெட், மணல் வாளி, பென்சில் பெட்டி எல்லாவற்றையும் கொட்டிப் பாருங்கள். பவளத் துண்டு, செத்ததானாலும், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி எடுத்துவரக் கூடாது, விமான நிலையத்தில் பிடிப்பார்கள். எங்கள் பையன் பென்சில் பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கிளை இருந்தது. கிளிமீனுக்குச் சாப்பாடு என்று தானே கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டு வந்தான்.